சமையலறை நேர்காணல்

11 பிப்ரவரி 2025, செவ்வாய்

இன்றும் நான்தான் மேனேஜர். சமையலறை மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் என் மகள் செரினா. மேலே ஆபீஸ் சட்டை, கீழே வீட்டுக் கால்சட்டை. கணினியில் நடக்கும் நேர்காணலில் இடுப்புக்கு மேல்தான் தெரியுமாம்.

கேள்விகளை ஆங்கிலத்தில் அவளே சொல்லிக்கொடுத்தாள். காதால் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டேன். அர்த்தம் பாதிதான் தெரியும். "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" என்று நான் ஆரம்பித்ததும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அப்பா, கத்திரிக்காய் விக்கிற மாதிரி கத்தாதீங்க. மெதுவா."

தேக்கா மார்க்கெட்டில் காய்கறி விற்ற தொண்டை. வேறு எப்படி வரும்?

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதைப் போனிடம் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது, கேட்டால் படித்தும் காட்டுகிறது. இதையும் செரினாதான் போட்டுக்கொடுத்தாள்.

நவம்பரில் அவள் கம்பெனியில் ஆட்குறைப்பு. படிப்பு முடிந்ததிலிருந்து அங்கேதான் இருந்தாள். ஒரு ஆப் ஜனங்கள் கைக்குப் போகுமுன், அது எந்த இடத்தில் உடையும் என்று தேடிக் கண்டுபிடிப்பது அவள் வேலை. சின்ன வயதில் என் பேச்சிலேயே ஓட்டை கண்டுபிடித்தவள். அதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள் என்று தெரிந்த நாளில் எனக்கு வந்த பெருமை இன்னும் இறங்கவில்லை.

இப்போது வயது நாற்பத்தாறு. வேலை போனது வெளியில் ஒருவருக்கும் தெரியக்கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறாள். செங்காங்கில் ஒரு டியூஷன் சென்டரில் வரவேற்பு மேசைக்கு ஆள் கேட்கிறார்கள். ஈஸ்டருக்குள் தன் துறையில் ஒன்றும் அமையாவிட்டால் அதில் சேர்ந்துவிடுவாளாம். கௌரவமான வேலைதான். ஆனால் அது இவள் வேலை இல்லை.

14 பிப்ரவரி

வேலை தேடுவதே ஒரு வேலையாகத்தான் இருக்கிறது. முதலில் கண்ணில் பட்ட கம்பெனிக்கெல்லாம் மனு போட்டாள். இப்போது அப்படி இல்லை. ஒரு கம்பெனியை எடுத்து, அது என்ன செய்கிறது, என்ன கேட்கிறது என்று பார்த்து, அதற்குத் தகுந்த மாதிரி தன் விவரத்தை மாற்றி எழுதுகிறாள். மனுவை முதலில் மனிதர் படிப்பதில்லையாம், மெஷின் படிக்கிறதாம். அவர்கள் கேட்ட வார்த்தை உள்ளே இல்லையென்றால் தள்ளிவிடுமாம். எனக்குப் புரிந்தது. ஓட்டல்காரர் கேட்ட காயை மேலே வைத்துக் கூடை கட்டுவது போலத்தான்.

புதுப் படிப்பு ஒன்றும் படிக்கிறாள். கூடப் படிக்கிறவர்கள் அவளை ஆன்ட்டி என்கிறார்களாம். தேர்வில் அந்தப் பிள்ளைகளை முந்திவிட்டாள். அதை என்னிடம் சாதாரணமாகச் சொன்னாள். எனக்குச் சாதாரணமாக இல்லை.

வேலை தேட உதவுகிற நிலையத்தில் ஓர் அம்மா ஆலோசனை சொல்கிறார். அவர் முதல் நாளே சொன்னது: தெரிந்தவர்கள் எல்லாரிடமும் வேலை தேடுகிறேன் என்று சொல்லுங்கள். செரினா மற்ற எல்லாவற்றையும் செய்கிறாள். அதை மட்டும் செய்வதில்லை.

18 பிப்ரவரி

இரண்டு இடத்திலிருந்து இல்லை என்று வந்தது. மற்றவர்கள் அதைக்கூடச் சொல்லவில்லை.

22 பிப்ரவரி, சனி

தேக்காவில் ஜாஃபர் பாயோடு டீ. முன்பு துணிக்கடை வைத்திருந்தவர். அவர் ஏழு மொழி பேசுவார், நான் ஏழு மொழியில் விலை சொல்வேன், அப்படி ஆரம்பித்த சிநேகம்.

"என்ன யேசு, உன் மவ இன்னும் அதே கம்பெனிதானா? இன்னேரம் முதலாளி ஆயிருக்கணுமே."

"ரொம்ப பிஸி பாய்" என்றேன்.

பிஸிதான். அது பொய் இல்லை.

6 மார்ச், வியாழன்

ஒரு கம்பெனியில் மூன்றாம் சுற்றுவரை போய் விழுந்துவிட்டது. எல்லாம் நன்றாகப் போனதாம். பழைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டபோதுதான் தடுமாறினாளாம்.

எனக்கு ஆச்சரியமில்லை. என் ஞாபகம் ஒரு தொல்லை, கேட்டது போகாது. அந்தக் கேள்விக்கு முதலில் 'ஒரு மாற்றம் வேண்டும்' என்றாள். பிறகு ஒரு நாள் அவள் பிரிவையே வேறு நாட்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்றாள். போன வாரம் 'எல்டர்லி ஃபாதர்' என்று என்னவோ சொன்னாள். எல்டர்லியும் எனக்குத் தெரியும், ஃபாதரும் தெரியும். என்னவென்று கேட்டால், நான் படுத்த படுக்கையாம், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். தினம் காலையில் தேக்காவுக்கு பஸ் ஏறுகிறவன் நான்.

கோபம் வரவில்லை. ஆனால் அந்தக் கேள்வி வந்தால் அவள் பார்வை மேசைக்கு இறங்கிவிடுகிறது. மற்றதுக்கெல்லாம் நேராகப் பார்க்கிறவள்.

"மூணு விதமா சொல்லிட்டியேம்மா. எத நான் ஞாபகத்துல வச்சுக்கறது?" என்று கேட்டேன்.

கணினியை மூடிவிட்டு எழுந்து போய்விட்டாள். கேட்டிருக்க வேண்டாமோ?

9 மார்ச், ஞாயிறு

பூசை முடிந்ததும் பங்கு அலுவலகத்துக்குப் போனேன். மனிதரிடம்தான் சொல்லக்கூடாது, சாமியிடம் சொல்லலாம் அல்லவா. அடுத்த ஞாயிறு பூசைக்குச் செரினாவின் கருத்துக்காக, அதாவது அவள் வேண்டுதலுக்காக, என்று போடுங்கள் என்றேன். என்ன கருத்து தாத்தா என்று அலுவலகத்தில் இருந்த பெண் அக்கறையாகக் கேட்டாள். மெதுவாக அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன். சீட்டில் எழுதிக்கொண்டாள். என்ன எழுதினாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

மனசு லேசாக இருக்கிறது.

16 மார்ச், ஞாயிறு

எல்லாம் போச்சு.

பூசை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கருத்துகளை வாசிக்கிறாங்க. செத்தவங்க பேரு, பிறந்தநாள், அதெல்லாம் ஆச்சு. அப்புறம் மைக்குல — 'கடந்த நவம்பரில் வேலை இழந்து வருந்தும் செரினாவுக்கு விரைவில் நல்ல வேலை கிடைக்க, தந்தை இயேசுதாசன்.' கோவில் பூரா கேட்டுச்சு. செரினா பாடகர் வரிசையில, எல்லாரும் பாக்கிற இடத்துல நிக்கிறா.

அந்தப் பெண் நல்ல மனசோடதான் முழுசா எழுதியிருக்கா. அவளைச் சொல்லி என்ன? நான் ஏன் வாயைத் திறந்தேன்?

ஆனா ஒண்ணு. பூசை தொடங்குற வருகைப் பாட்டை எடுத்தது செரினாதான். குரல் ஆடல. முகம் சிவந்துபோச்சு, பாட்டு நிக்கல. இந்த நிலைமையிலயும் எனக்குப் பெருமையா இருந்துச்சே, நான் என்ன மனுஷன்?

பஸ்ஸில் வீட்டுக்கு வந்தோம். வீட்டுக் கதவைத் திறக்கும்போது கேட்டாள்.

"நான் ஒண்ணே ஒண்ணுதானப்பா உங்ககிட்ட கேட்டேன்?"

அவ்வளவுதான். என் மனைவி அல்போன்சம்மாள் உயிரோடு இருந்திருந்தால் என்னை அலுவலகப் பக்கமே விட்டிருக்க மாட்டாள்.

17 மார்ச்

சோறு இருக்கிறது. பேச்சு இல்லை.

20 மார்ச், வியாழன்

போன் ஓயவில்லை. ஒருவர் இன்சூரன்ஸ் விற்க வரச் சொல்கிறார். ஒருவர் கணக்கு டியூஷன் எடுக்கச் சொல்கிறார். ஒரு அம்மா வேலைக்குப் பதிலாக மாப்பிள்ளை சொல்கிறார். மனைவியை இழந்தவராம், சொந்த வீடாம். அதைக் கேட்டு செரினா போனைக் கையில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். நான் பால்கனிக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் வந்த அழைப்பு வேறு மாதிரி. பூசையில் எங்களுக்கு முன் வரிசையில் உட்கார்கிறவர். தன் மகனுக்கும் போன வருஷம் இப்படித்தான் ஆனதாம், தினமும் பையைத் தூக்கிக்கொண்டு நூலகத்தில் போய் உட்கார்ந்திருந்தானாம், வீட்டில் யாரும் வெளியே சொல்லவில்லையாம். செரினா வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பேசி முடித்ததும் எனக்கும் சேர்த்துக் காப்பி போட்டாள்.

22 மார்ச், சனி

ஜாஃபர் பாயிடம் நானே சொல்லிவிட்டேன். வேறு யார் வாயிலிருந்தாவது போவதற்கு முன் என்று. அவர் திட்டவில்லை. "நவம்பர்லேந்து எதிர்ல உக்காந்து டீ குடிச்சிருக்க" என்றார். பிறகு வடை வாங்கி என் பக்கம் தள்ளினார்.

23 மார்ச், ஞாயிறு

பூசைக்குப் பிறகு டானியலா வீட்டுக்கு வந்தாள். செரினா கோவிலில் எடுத்த மறைக்கல்வி வகுப்பில் படித்த பெண், இப்போது ஏதோ கணினிக் கம்பெனியில் இருக்கிறாள். செருப்பைக் கழற்றும்போதே சண்டை.

"டீச்சர், எங்க டீம்ல கிறிஸ்மஸ்லேந்து டெஸ்டர் தேடுறோம் லா. ஒரு மெசேஜ் போட்டிருக்கலாமே?"

"வகுப்புல எங்கிட்ட திட்டு வாங்குனவ நீ. உங்கிட்ட போய் எப்படி வேலை கேக்கறது?"

"அதத்தான் என் மேனேஜர்கிட்ட சொல்லப்போறேன். ஒரு தப்பையும் விடமாட்டாங்க, எனக்குச் சின்ன வயசிலேயே தெரியும்னு."

செரினா சிரித்துவிட்டாள். ஒரு வாரம் கழித்து இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம்.

உள்ளே இருக்கிறவர் பெயரைக் கொடுத்தால் மனு மெஷினிடம் மாட்டாமல் மனிதர் கைக்குப் போகுமாம். அதோடு தன் உதவி முடிந்தது, மற்றது டீச்சர் பாடு என்று டானியலா கறாராகச் சொன்னாள். எனக்கு அது பிடித்தது. செரினாவுக்கு இன்னும் பிடித்தது.

25 மார்ச், செவ்வாய்

செரினாவே நாற்காலியை இழுத்துப் போட்டாள். வரிசையாகக் கேட்டேன். அந்த ஒரு கேள்வியை வேண்டுமென்றே தாண்டினேன்.

"ஒண்ண விட்டுட்டீங்கப்பா."

கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன். என்னை நேராகப் பார்த்துப் பதில் சொன்னாள். செலவைக் குறைக்க ஆட்களை நிறுத்தினார்கள், அதில் நானும் ஒருத்தி, அதற்குப் பிறகு இதையெல்லாம் படித்தேன் என்று. அவ்வளவு சின்ன பதில். பிறகு தமிழில் எனக்காகச் சொன்னாள்.

"மைக்கு வச்சுச் சொன்னப்புறம் இனிமே யாருகிட்ட மறைக்கறது?"

மன்னித்துவிட்டாளா என்று கேட்கவில்லை. அடுத்த கேள்விக்குப் போனேன்.

3 ஏப்ரல், வியாழன்

இன்று நேரிலேயே நேர்காணல், ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம். சட்டைக்குப் பொருத்தமாகக் கால்சட்டையும் போட்டுக்கொண்டு போனாள். நான் ரேடியோவை வைத்தேன், அணைத்தேன், வைத்தேன்.

இருட்டும் நேரத்துக்கு வந்தாள். ஒரு ஆப்பைக் கையில் கொடுத்து உடைத்துப் பார்க்கச் சொன்னார்களாம். அதைப் பற்றி உற்சாகமாக நிறையச் சொன்னாள், எனக்கு ஒன்றும் புரியவில்லை, தலையாட்டினேன். அப்புறம் நான் மெல்ல, அந்தக் கேள்வியைக் கேட்டார்களா என்றேன்.

"கேட்டாங்க. சொன்னேன். ஓகேன்னு அடுத்த கேள்விக்குப் போயிட்டாங்க."

சொல்லிவிட்டு அவளே சிரித்துக்கொண்டாள். இதற்கா இத்தனை மாதம் என்பது போல.

16 ஏப்ரல், புதன்

கிடைத்துவிட்டது. ஒரு வருஷ ஒப்பந்தம், பழைய பதவியைவிட ஒரு படி கீழே. பிடித்திருந்தால் நிரந்தரமாக்குவார்களாம். டியூஷன் சென்டருக்கு அவளே கூப்பிட்டு, மரியாதையாக வேண்டாம் என்று சொன்னாள்.

படி கீழே என்று எனக்குச் சொல்லும்போது கொஞ்சம் தயங்கினாள். நான், அந்தப் படியில் நிற்பது யார் என்று பார்க்க வேண்டாமா என்றேன். "அப்பா, இத ஜாஃபர் மாமாகிட்ட சொல்லிக்கிட்டே இருக்கப்போறீங்க" என்றாள்.

ஆமாம், சொல்லத்தான் போகிறேன்.

10 ஜூன், செவ்வாய்

மீன் குழம்பு. செரினா உட்கார்ந்து ஒரு வாய்தான் எடுத்தாள், ஆபீசிலிருந்து போன். இடது கையால் எடுத்தாள்.

அந்தப் பக்கம் ஒரு ஆண் குரல், அவசரமாக. நாளைக்கே எதையோ வெளியே விடவேண்டுமாம். இவள் ஆங்கிலத்தில் பேசினாள், ஆனால் எனக்குப் புரிந்தது. இல்லை, நாளைக்கு முடியாது. எங்கே உடைகிறது என்று நான் காட்டுகிறேன். அதைச் சரிசெய்யாமல் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சத்தம் போடவில்லை. தயங்கவும் இல்லை. இந்தக் குரலை நான் நவம்பருக்குப் பிறகு கேட்கவில்லை.

டிவியின் சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டு, அவள் தட்டின் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடிவைத்தேன். பேசி முடிக்க நேரமாகும்.