பூனை படுத்திருக்கும் கடையில் ரஹ்மத்தின் புத்தகம்

ஜூன் 9, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். மாடியில் காயப்போட்ட வெள்ளைச் சுடிதாரில் கரித்தூள். மறுபடி அலச வேண்டும்.

ரஹ்மத் போட்டோ அனுப்பியிருந்தாள். மயிலாப்பூரில் ஒரு புத்தகக்கடை. மஞ்சள் விளக்கு, பிரம்பு நாற்காலி, ஜன்னலோரம் பூனை. பூனைக்குப் பக்கத்தில் அவள் கவிதைத் தொகுப்பு, அட்டை தெரிய நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள். "அக்கா, பாத்தியா! என் புக்கு கடையில கீதுக்கா!" இதயமாகப் போட்டுப் பதில் அனுப்பினேன். வயிறு பற்றி எரிந்தது.

அவளை எழுத இழுத்துவிட்டதே நான்தான். கவிதைக் கூட்டத்துக்கு வரமாட்டேன் என்றவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். என் தொகுப்பு வந்து மூன்று வருடம். விற்காத பிரதிகள் கட்டிலுக்கடியில் அட்டைப்பெட்டியில். அம்மா அதன்மேல் வெங்காயக் கூடை வைக்கிறாள்.

ஜூன் 11, வியாழன்

ஐஸ் பேக்டரியில் வேலை ஓடவில்லை. ஒரு படகுக்குப் போன ஐஸை இன்னொரு படகின் பெயரில் பதிந்துவிட்டேன். "இன்னாம்மா, எந்த லோகத்துல கீறே?" என்றார் மேஸ்திரி.

மனசுக்குள் அந்தக் கடையில்தான் இருந்தேன். அங்கே மழை. யாரோ ஒருத்தி நனைந்து உள்ளே வருகிறாள். என் புத்தகத்தைப் பிரித்தவள் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறாள். டீ ஆறிப்போகிறது. ரஹ்மத் புத்தகம்? மேல் அடுக்கில். ஏணி போட்டால்தான் எட்டும்.

ஜூன் 13, சனி

அந்தக் கடைக்கே போய்விட்டேன். அம்மாவிடம் பல் டாக்டர் என்று பொய். மெட்ரோ, அப்புறம் ஆட்டோ. கைப்பையில் என் புத்தகம், ஒன்றே ஒன்று. யாரும் பார்க்காதபோது ரஹ்மத் புத்தகத்தின் மேலேயே வைத்தேன். அம்மா விற்கும் மீன்கூடையில் நல்ல மீனைத்தானே மேலே வைப்போம். பிறகு எதிரே உட்கார்ந்து எதையோ படிப்பதுபோல் பாவனை.

ஒருத்தி எடுத்தாள்! கண்ணாடி போட்ட காலேஜ் பெண். நின்றபடியே படித்தாள், சிரிக்கக்கூடச் செய்தாள். கல்லாவுக்குக் கொண்டுபோனாள்.

கம்ப்யூட்டரில் என் புத்தகம் இல்லை. "இது நம்ம ஸ்டாக் இல்லையே" என்ற கடைப்பெண் என்னைப் பார்த்தாள். "மேடம், உங்களோடதா?"

"இல்லீங்க."

நல்லவேளை, பின்னட்டையில் என் படம் இல்லை. யாரோ மறந்துவிட்டுப் போன குடையோடு சேர்த்து ஒரு தட்டில் போட்டார்கள். காலேஜ் பெண் ரஹ்மத் புத்தகத்தை வாங்கிப்போனாள்.

அம்மா போணியை ஒருநாளும் திருப்பி அனுப்பியதில்லை. முதல் ஆள் அடிமாட்டு விலைக்குக் கேட்டாலும் மீனைக் கொடுத்துவிட்டுக் காசைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். தெரிந்தவர்கள் வாங்கியதெல்லாம் கணக்கில்லை. முன்பின் தெரியாத ஒருத்தி வந்தது இதுதான் முதல். என் வாயாலேயே விரட்டினேன், பாவி.

திருவொற்றியூர் வரும்வரை அழுகை. "பல்லு ரொம்ப நோவுதாடி?" என்றாள் அம்மா. ஆமாம் என்றேன்.

ஜூன் 15, திங்கள்

வெயில். தண்ணீர் லாரி வரவில்லை. மதியம் ரஹ்மத் போன்.

"அக்கா, உன் புக்கு அந்தக் கடையில கொடைகூட கெடக்குது! யாரோ மறந்துட்டுப் போய்ட்டாங்களாம். இன்னா கொழுப்பு பாரேன் அந்த ஆளுக்கு! நான் வுடுவேனா? அங்கியே நின்னு ரெண்டு கவிதய சத்தமாப் படிச்சுக் காட்னேன். உன் புக்க கொண்டாந்து குடுக்கச் சொல்ட்டாங்கக்கா!"

அவள் குரலில் துளிப் பொறாமை இல்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

"எங்க வைப்பாங்களாம்?"

"என் புக்கு பக்கத்துலதான். நானே கேட்டு வாங்கிட்டேன்."

வேறு அடுக்கு இல்லையா என்று கேட்டுவிட்டேன்.