வெறுந்தட்டு அல்ல, பதினான்கு பகுதிகள்

நலம் பெருகுக. நாடு செழிக்க. மின்சாரம் தடையின்றி வருக.

மூன்று மலையும் ஏழு சுனையும் ஆள்பவரும், பகைவரின் முதுகை அன்றி முகத்தைக் கண்டறியாதவரும், விளம்பர இடைவேளையிலும் இருக்கை விட்டு எழாத உறுதி படைத்தவரும், எம் பேரரசியாரின் ஒரே மருமகனாருமாகிய கருங்கல் நாட்டு மன்னர் மாவளத்தார் திருமுன்னுக்கு, தேனூற்று நாட்டுத் தலைமை அமைச்சன் நெடியன் சாத்தன், பேரரசி மங்கைநல்லாள் ஆணைப்படி விடுக்கும் ஓலை. தங்கள் நாட்டில் மழை பெய்ததா, ஆநிரை நலமா, எம் இளவரசியும் தங்கள் தேவியாருமாகிய இளவெயினியார் நேரத்துக்கு உண்கிறாரா என்று கேட்பது முறை. கேட்டுவிட்டோம். இனி விஷயத்துக்கு வருவோம்.

செவ்வாற்றின் அக்கரையில் தங்கள் வீரர் நாலாயிரவர் கூடாரம் அடித்திருப்பதை எம் ஒற்றர் வந்து சொல்லும் தேவை எழவில்லை. இக்கரையில் துணி துவைப்போர் அனைவருக்கும் நன்றாகத் தெரிகிறது. காரணம் கேட்டுத் தூதன் ஒருவனை அனுப்பினோம். ஆடிச் சீரோடு யாம் அனுப்பிய டிவிடி தட்டு வெறுமையாக இருந்தது என்றும், எழுத்தில்லாத ஓலையை அனுப்புவது போருக்கு அழைப்பதே என்பது இரு நாட்டுக்கும் பொதுவான வழக்கு என்றும், ஓலைக்கு உள்ள சட்டம் தட்டுக்கும் உண்டு என்றும் தங்கள் சேனாபதியார் விடை பகர்ந்தாராம். பகர்ந்தபோது அவர் வாயில் அதிரசம் இருந்ததாகத் தூதன் குறித்திருக்கிறான். அது அதே சீரில் யாம் அனுப்பிய அதிரசம். போருக்கு அழைப்பவர் இருபத்தொரு தாம்பாளத்தில் பலகாரம் அடுக்கியா அழைப்பார் என்று எண்ணிப் பார்க்கத் தங்கள் அவையில் ஒருவர்கூட இல்லையா என்பது எம் முதல் கேள்வி.

அந்தத் தட்டு எம் அரண்மனைக்குள் புகுந்ததே தங்களால்தான் என்பதைத் தாங்கள் மறந்திருக்கலாம். யாம் மறக்கவில்லை.

எம் அரண்மனை வி.சி.ஆர். பதினெட்டு ஆண்டுகள் பணி செய்தது. வாரம் ஒருமுறை அதன் தலையைத் துணியால் துடைத்துவிட்டால் வேறெதுவும் கேட்காது. தங்கள் நாட்டுக் கேபிளில் வராத பிற்பகல் இரண்டு மணிச் சீரியலைப் பேரரசியார் அதில்தான் நாள்தோறும் பதிவு செய்து, மாதம் ஒரு கேசட்டாக மகளுக்கு அனுப்பிவந்தார். மகளைக் கட்டிக்கொடுத்து மூன்றாண்டு ஆகிறது. ஒரே பகுதியைப் பார்த்து, ஒரே வில்லியை இருவரும் ஓலையில் திட்டிக்கொள்வதுதான் தாய்க்கும் மகளுக்கும் இடையே மிஞ்சியிருக்கும் பேச்சு. அந்தப் பேச்சுக்குத்தான் இப்போது நாலாயிரம் வேல்கள் குறுக்கே நிற்கின்றன.

சென்ற ஆனியில் விருந்துண்ண வந்த தாங்கள் அந்த வி.சி.ஆரைப் பார்த்துச் சொன்னதை, அவையிலிருந்த எழுத்தன் சொல் பிசகாமல் குறித்து வைத்திருக்கிறான்: "என்ன அத்தை, இன்னுமா இந்தப் பெட்டியைக் கட்டிக்கிட்டு அழுறீங்க? எங்க ஊர்ல இதுக்குள்ள கோழி அடைகாக்குது."

மருமகன் வாயால் இதைக் கேட்ட பின் எந்த மாமியார் பொறுப்பார்? மறுநாளே அவையில் மூன்று பெட்டிகள் வைக்கப்பட்டன. முதலாவது, கேபிள்காரர் கொண்டுவந்தது. நூறு மணி நேரம் தன் வயிற்றுக்குள்ளேயே சேமிக்கும், ஆனால் வெளியே எடுத்து எங்கும் அனுப்ப முடியாது. மகளுக்கு அனுப்ப முடியாததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பேரரசியார் அதை விலக்கினார். இரண்டாவதில் கேசட்டும் ஓடும், தட்டும் ஓடும். பழையதற்குப் பழையது, புதியதற்குப் புதியது என்பதால் யாம் அதையே பரிந்துரைத்தோம். மூன்றாவது, தட்டு மட்டும் பதிவது, வெற்றிலைப் பெட்டி அளவே தடிமன். பார்க்க அழகாக இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் தங்கள் திருவிரல் அதைச் சுட்டியது.

யாம் அப்போதே இரண்டு ஐயங்களை எழுப்பினோம். தனக்கென்று சேனல் பிடிக்கும் திறன் அதற்கு இல்லை. செட்டாப் பாக்ஸில் எது ஓடுகிறதோ அதையே பதியும். ஆகவே பதிவு நடக்கையில் வேறு சேனலை எவரும் பார்க்க இயலாது என்றோம். இருபது நிமிடம் பொறுக்க மாட்டீர்களா என்று நகைத்தீர்கள். தங்கள் மாமனாராகிய எம் மன்னர் பொறுக்கவில்லை. எட்டாம் பகுதியின் நடுவே பதினொரு நிமிடம் கிரிக்கெட் வரும். அதையும் போர்ச் சைகையாகக் கொள்ள வேண்டாம் என்று இங்கேயே தெரிவித்துவிடுகிறோம்.

இங்கே பதிந்த தட்டு அங்கே இருக்கும் பெட்டியில் ஓடுமா என்பது இரண்டாம் ஐயம். அதற்குத் தாங்கள் எம் தோளைத் தட்டி அருளிய விடை: "அமைச்சரே, தட்டுன்னா தட்டுதான். எங்க போட்டாலும் ஓடும்."

ஓடாது, மன்னா. பதிந்து முடித்ததும் தட்டை ஃபைனலைஸ் செய்ய வேண்டும். அதாவது பதிந்த பெட்டியிலேயே வைத்து மூடி முத்திரையிட வேண்டும். அப்படி மூடாத தட்டு வேறு பெட்டிக்குப் போனால், உள்ளே பதினான்கு பகுதிகள் இருந்தாலும் ஒன்றுமே இல்லை என்று திரையில் காட்டும். ஒருமுறை மூடிவிட்டாலோ, அதில் மேற்கொண்டு எதையும் பதிய முடியாது. பெட்டியோடு வந்த கையேட்டின் நாற்பத்தேழாம் பக்கத்தில் இது உள்ளது. நாற்பத்தேழாம் பக்கம்வரை படித்தவர் இரு நாட்டிலும் அடியேன் ஒருவனே. அதுவும் தங்கள் படை வந்திறங்கிய பிறகுதான் படித்தேன்.

எம் தரப்புப் பிழையையும் மறைக்கோம். சீர் புறப்பட்ட அன்று, தட்டை மூடிவிடவா என்று பெட்டியே திரையில் கேட்டிருக்கிறது. பேரரசியார் மறுத்துவிட்டார். பதினாறு பகுதிகள் கொள்ளும் தட்டில் பதினான்குதான் இருந்தன. கேசட்டின் கடைசி முழம்வரை பதிந்து பழகியவர் அவர். "இன்னும் நாப்பது நிமிஷம் சும்மா கிடக்கு, அதுக்குள்ள எதுக்கு மூடணும்? வெயினி பார்த்துட்டுத் திருப்பி அனுப்பட்டும், மீதியை ரொப்பிக்கலாம்" என்று சொல்லி, அதை முறுக்குத் தாம்பாளத்துக்கு அடியில் அவரே வைத்தார். கொடுத்தனுப்பிய தூக்குவாளி திரும்பி வருவதுபோல் தட்டும் திரும்பி வரும் என்று ஒரு தாய் நம்பியதற்குப் பெயர் போர் அறைகூவல் என்றால், இரு நாட்டிலும் போரின்றி ஒரு சமையலறையும் தப்பாது.

இதையெல்லாம் தங்கள் இளவரசியிடம் ஒரு சொல் கேட்டிருந்தால் அவரே சொல்லியிருப்பார். கேட்கவில்லை. அவர் எம் தூதனின் காதில் சொல்லி அனுப்பியது இவ்வளவே: "படையெல்லாம் இருக்கட்டும், அண்ணே. கல்யாணம் நின்னுச்சா நடந்துச்சா, அம்மாவை அதை மட்டும் சொல்லச் சொல்லுங்க." சீரியலில் வரும் கல்யாணத்தைப் பற்றிய வினா இது. சொன்னால் பார்க்கும்போது சுவை கெட்டுவிடும் என்று பேரரசியார் விடை தர மறுத்து, அன்று முழுவதும் உண்ணாமல் இருந்தார்.

ஆகவே முடிவு இது. பதிந்த பெட்டி அன்றி வேறெதுவும் அத்தட்டை மூடாது. தட்டோ போர்ச் சான்று என்று தங்கள் சேனாபதியாரின் பெட்டகத்தில் கிடக்கிறது. ஆற்றைத் தாண்டி அனுப்ப அவருக்கு மனமில்லை என்றால், யாம் பெட்டியை அனுப்புகிறோம். வரும் வெள்ளிக்கிழமை காலை, ஓடத்துறை மணல்திட்டில், ஜெனரேட்டர் ஒன்றோடும் டிவி ஒன்றோடும் அடியேனே வந்து நிற்பேன். தட்டைக் கொண்டுவர வேண்டியவர் இளவரசியார். வேறு எவர் கையிலிருந்தும் வாங்க மாட்டோம். மூடுவதற்குப் பதினான்கு நிமிடம் ஆகும். அதுவரை எவரும் முரசு கொட்டவோ, வயரை மிதிக்கவோ, பொறுமையிழந்து பொத்தானை அழுத்தவோ கூடாது. அதன்பின் தங்கள் பெட்டியிலேயே, தங்கள் நாலாயிரவர் முன்னிலையில் ஓடவிடுங்கள். பதினான்கு பகுதிகளையும் பார்த்து முடித்த பிறகும் இதில் ஒன்றுமே இல்லை என்று சேனாபதியாருக்குத் தோன்றினால், அது சீரியலைப் பற்றிய அவர் கருத்து. போருக்குக் காரணம் ஆகாது.

மீதமுள்ள நாற்பது நிமிடத்தை என்ன செய்வது என்று நேற்று அவையில் பணிந்து கேட்டோம். பேரரசியார் சொன்னார்: "போனா போவட்டும், மூடிரு. புள்ள பாக்கட்டும்."

முன்னொரு காலத்தில் இதே ஆற்றோரம் ஒரு முழ நிலத்துக்காகத் தங்கள் பாட்டனாரோடு ஒன்பது ஆண்டு போரிட்ட குலம் எம்முடையது. அந்தக் குலத்துப் பேரரசி இடம் விட்டுக்கொடுப்பது இதுவே முதல் முறை. இதற்கு ஈடாகத் தாங்கள் விட்டுக்கொடுக்க வேண்டியது அக்கரையில் அடித்த கூடாரங்களை மட்டுமே. அவை சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் பிரிக்கப்பட வேண்டும்.

இது பேரரசி மங்கைநல்லாள் திருவாய் மொழிந்தது. நெடியன் சாத்தன் கைப்பட எழுதியது. அரக்கு உருக்கி அன்ன முத்திரை இட்டது. படித்தவர் மறுமொழி தருக. தட்டை வெயிலில் வைக்காதிருக்க.