இடது காதுக்குப் பெரிய சைஸ்

திருவண்ணாமலை
28-1-2008, திங்கள்

அன்பு மகன் இனியனுக்கு அம்மா எழுதுவது. நானும் உங்கப்பாவும் அண்ணாமலையார் தயவில் நன்றாக இருக்கிறோம். நீயும் சினேகாவும் அங்கே அதுபோலவே நலமாக இருப்பீர்கள் என்றுதான் அடுத்த வரி எழுத வேண்டும், எப்போதும் அப்படித்தான் எழுதுவேன், இந்தத் தடவை எழுத மாட்டேன். நீ நலமாக இல்லை என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. போனில் கேட்டால் அப்புறம் பேசறேம்மா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் பேனாவை எடுத்தேன். படிக்கிறதுக்குக் காது தேவையில்லை பார்.

முதலில் வீட்டுச் சேதியைச் சொல்லிவிடுகிறேன், கோபம் வந்துவிட்டால் மறந்துபோகும். போன செவ்வாய்க்கிழமை தைப் பௌர்ணமி, கூட்டம் ஜாஸ்தி. உங்கப்பா முட்டி வலியை வைத்துக்கொண்டு நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் மலை சுற்றப் போனார், அடி அண்ணாமலை வரைக்கும் நடந்துவிட்டு அங்கிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினார், கேட்டால் முக்கால்வாசி சுத்திட்டேன் தனம் என்கிறார், பாதிதான். இப்போது காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு தைலம் கேட்கிறார். கடை பரவாயில்லை. செங்கம் ரோட்டில் புதிதாக விடுதி திறந்தவர் தட்டு, டம்ளர், சாம்பார் வாளி எல்லாம் நம்மிடமே எடுத்தார், வெள்ளைக்காரங்க சாப்பிடறது, விளிம்பு கையைக் கீறக் கூடாது என்று ஒவ்வொரு தட்டாக விரலால் தடவிப் பார்த்து எடுத்தார், எனக்குப் பிடித்திருந்தது. வாங்குகிற சாமானை அப்படித்தான் பார்க்க வேண்டும். உனக்கு அந்தப் புத்தி ஏன் வரவில்லை என்று அப்போதிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தீபத்துக்கு வந்தபோது புதிதாக ஒன்று வாங்கிட்டேன் என்று சொல்லி உன் பழைய இயர்போனையும் தீப்பெட்டி மாதிரி இருந்த அந்தப் பாட்டுப் பெட்டியையும் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனாயே. ஒசத்தியான சாமான்மா, ஸ்டூடியோவுல பாடறவங்க போடறது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை பேசினாய். எப்படிடா மாட்டறது என்று அப்பா கேட்டதற்கு மட்டும், காதுல சொருகிக்கோங்கப்பா அவ்ளோதான் என்று சொல்லிவிட்டு பஸ் பிடிக்க ஓடிவிட்டாய். உங்கப்பா சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற மனுஷன், காதில் நல்லெண்ணெய் விட்டுக்கொள்ளாமல் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ள மாட்டார். குளித்துச் சாப்பிட்டுவிட்டு அந்த எண்ணெய்க் காதிலேயே இதைச் சொருகிக்கொண்டு சாய்ந்துவிடுவார். பொங்கல் முடிவதற்குள் வலது பக்கம் சத்தம் சுத்தமாக நின்றுபோய், இடது பக்கம் தகர டப்பாவுக்குள் எறும்பு ஊர்கிற மாதிரி ஆகிவிட்டது. உன் பிள்ளை ஓட்டை சாமானை நம்ம தலையில கட்டிட்டான் என்று இரண்டு நாள் முனகினார். நான் இரண்டையும் இயர்போன் வந்த அட்டைப்பெட்டியோடு எடுத்துக்கொண்டு தேரடித் தெருவுக்குப் போனேன். பெட்டி இல்லாமல் எந்தச் சாமானையும் ரிப்பேருக்குக் கொண்டுவரக் கூடாது என்று கடைக்கு வருகிறவர்களிடம் தினமும் சொல்கிறவள் நான்.

சரவணபவனை உனக்குத் தெரியாது, கீழே மைக்செட் வாடகைக்கு விடுகிறார், மாடியில் ஒரு சின்ன அறையில் பக்திப் பாட்டு ரெக்கார்டு பண்ணி சிடி போடுகிறார். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, என்னக்கா இது, இயர்போனா பணியாரச் சட்டியா, இவ்ளோ எண்ணெய் என்றார். அதன் முனையில் சல்லடை மாதிரி ஒரு பொடி வலை இருக்கிறதாம், எண்ணெயும் காதழுக்கும் போய் அதை அடைத்துவிட்டதாம். காதுக்குள் நுழைகிற ரப்பரைக் கழற்றி, முனையைத் தலைகீழாகப் பிடித்துக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டித் தட்டி எடுத்தார், தண்ணீர் ஒரு சொட்டு காட்டவில்லை. அப்புறம் அட்டைப்பெட்டியின் அடித்தட்டைத் தூக்கினார். அங்கே ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் சின்ன ரப்பர் ஒரு ஜோடி, பெரிய ரப்பர் ஒரு ஜோடி, அமுக்கினால் சுருங்கி மெல்ல உப்புகிற பஞ்சு ஒரு ஜோடி. கவர் ஒட்டினது ஒட்டினபடி இருக்கிறது. இதைப் பிரிக்கவே இல்லையேக்கா, உங்க பையன் எத்தினி வருஷம் போட்டான் என்று கேட்டார். மூணு வருஷம் என்றேன். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். எனக்கு அந்த இடத்திலேயே வெட்கமாகப் போய்விட்டது.

ஏன் வெட்கம் என்று உனக்குப் புரியும், நீ இந்தக் கடையில் வளர்ந்தவன். மாசத்துக்குப் பத்துப் பேர் குக்கரைத் தூக்கிக்கொண்டு வந்து விசில் வரல, டூப்ளிகேட்டைக் குடுத்துட்டீங்க என்று சண்டை போடுகிறார்கள். நான் குக்கரைப் பார்ப்பேனா, மூடியைத் திருப்பி கேஸ்கட்டைப் பார்ப்பேன். அளவு தப்பின கேஸ்கட்டாக இருக்கும். ஆவி பக்கவாட்டில் போய்க்கொண்டே இருக்கும், அவர்கள் அடுப்பை ஏற்றிக்கொண்டே போவார்கள், அடி கருகும், விசில் மட்டும் வராது. இதை நான் ஆயிரம் பேருக்குச் சொல்லும்போது கல்லாப் பக்கத்தில் உட்கார்ந்து நீயும் கேட்டாயே. எவ்வளவு ஒசத்தியான குக்கராக இருந்தால் என்ன, உட்காருகிற இடத்தில் உட்காராவிட்டால் என்ன பிரயோசனம். உன் காதுக்கு அந்த ரப்பர் சேரவில்லை, தினமும் நீ ஆபீஸ் போகிற ரயிலின் சத்தம் உள்ளே வந்தது, பாட்டு வெளியே போனது, நீ அடுப்பை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறாய். அப்புறம் ரப்பரை மாற்றுவதற்குப் பதில் குக்கரையே மாற்றிவிட்டாய். கேட்டால் இன்ஜினியர்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அங்கேயே நான் போட்டுப் பார்த்தேன். இதை மாட்டக் கூடாதுக்கா, உக்கார வெக்கணும் என்று சரவணபவன் சொல்லிக்கொடுத்தார். ஒயர் காதுக்கு மேலே போய்ப் பின்பக்கமாக இறங்க வேண்டும். வலது காதுக்கு இடது கையைத் தலைக்கு மேல் கொண்டுவந்து காது மடலை மேலேயும் பின்னாலேயும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, மற்ற கையால் லேசாகத் திருகின மாதிரி உள்ளே விட வேண்டும். வலிக்கிற மாதிரி அமுக்கக் கூடாது. சரியாக உட்கார்ந்தால் தெருவில் போகிற பஸ் ஹாரன் அடுத்த தெருவுக்குப் போய்விடும், நாம் பேசுவது குடத்துக்குள் பேசுவது மாதிரி நமக்கே கேட்கும். எனக்கு இரண்டு பக்கமும் சின்ன ரப்பர் சேர்ந்தது. நான் தலைக்கு மேல் கையைக் கொண்டுபோய்க் காதை இழுத்துக்கொண்டு நின்ற கோலத்தைப் பார்த்துக் கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள், சிரிக்கட்டும். பாட்டுப் பெட்டியைப் போட்டார். காதுக்குள் ஓங்கி ஒரு அறை விழுந்தது மாதிரி இருந்ததுடா இனியா. பிடுங்கிப் போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். சரவணபவன் பாட்டுப் பெட்டியை எடுத்துப் பார்த்தார், சத்தம் கடைசிக் கோடு வரைக்கும் ஏற்றி வைத்திருந்தது. யாருக்கா இவ்ளோ ஏத்தி வெச்சது, அண்ணனா என்றார். உங்கப்பாவுக்கு அந்தப் பெட்டியில் போடுகிற பட்டனும் நிறுத்துகிற பட்டனும்தான் தெரியும். நீ எந்த அளவில் வைத்துவிட்டுப் போனாயோ அதே அளவில்தான் இரண்டு மாசமாக அவர் காதிலும் அது தொளதொள என்று தொங்கிக்கொண்டிருந்தது. எண்ணெய் அடைத்ததே நல்லதாகப் போயிற்று என்று இப்போது நினைக்கிறேன். பிறகு மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துப் போட்டார், அடேயப்பா, அந்தப் பாட்டில் பின்னால் தவில் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, பாடுகிறவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. சாமான் மேல் ஒரு குறையும் இல்லை.

அந்தக் கடைசிக் கோடுதான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. மூன்று வருஷம் ஒருத்தன் அந்த அளவில் கேட்டால் காது என்ன ஆகும் என்று நானே யோசித்து, சனிக்கிழமை நீ இல்லாத நேரம் பார்த்து சினேகாவுக்குப் போன் போட்டேன். சுற்றி வளைக்காமல், இனியனுக்குக் காதுல என்ன என்று கேட்டேன். அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். அத்தை, சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு என்றாள். சத்தியமாவது ஒன்றாவது. அக்டோபரிலேயே காது டாக்டரிடம் போயிருக்கிறாய், இடது காதில் மெல்லிய சத்தம் எதுவும் ஏறவில்லை, போனதில் கொஞ்சம் திரும்பி வராது என்று சொல்லியிருக்கிறார், படுத்தால் காதில் கொய்ங் என்று ரீங்காரம் கேட்டுத் தூக்கம் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாய். இதெல்லாம் தெரிந்துகொண்டு தீபத்துக்கு வந்து என் கையால் வடை வாங்கித் தின்றுவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் போனாய். உன் காதைக் கெடுத்ததை, குறைத்துக்கூட வைக்காமல், உன் அப்பா காதுக்குக் கொடுத்துவிட்டுப் போனாய். இதை மட்டும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. சினேகாவிடம், அவன் புதுசா வாங்கினதோட பெட்டி இருக்கா, உள்ள ஏதாவது கவர் இருக்கா பாரும்மா என்றேன். போய்ப் பார்த்துவிட்டு வந்து, இருக்கு அத்தை, பிரிக்கல என்றாள். தலையில் அடித்துக்கொள்வதைத் தவிர நான் என்ன செய்வேன்.

இன்னொன்றும் கேட்டுக்கொள். ஆறு மாசமாக நெட்வொர்க் சரியில்லம்மா, சத்தமாப் பேசு என்று சொல்லிக்கொண்டிருக்கிறாயே. நான் நம்பினேன். கடையில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்துப் பூக்கடை வெள்ளையம்மாள், எதுக்குக்கா போனு, நீ பேசறது அமெரிக்கா வரைக்கும்கூடக் கேக்கும் என்று கிண்டல் பண்ணினாள். நான் புது போன் வாங்கினேன், போன் ஆபீஸில் போய் அந்தப் பிள்ளையிடம் லைன் சரியில்லை என்று வாய்க்கு வந்தபடி சண்டை போட்டேன், பாவம், அவன் மேல் என்ன தப்பு. சின்ன வயசிலிருந்தே வலது கை எழுதட்டும் என்று போனை இடது காதில் வைக்கிறவன் நீ. நேற்று ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது நான் வேண்டுமென்றேதான் மெல்லப் பேசினேன், பக்கத்தில் இருக்கிறவரிடம் பேசுகிற குரலில். என்னடா சாப்பிட்டே என்று கேட்டேன். நீ, ஆமாம்மா, சரிம்மா என்றாய். நான் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டுக் கடைக்குப் பின்னால் போய்விட்டேன்.

உனக்கு ஏழு வயசில் லாரியிலிருந்து இறக்கின பித்தளைக் குடத்தை விரலால் சுண்டிப் பார்த்து, அம்மா இதுல விரிசல் இருக்கு என்று கொண்டுவந்தவன் எதிரிலேயே சொன்னாய். கண்ணுக்குத் தெரியாத விரிசல், அப்புறம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் கசிந்தது. அந்தக் காதை வைத்துக்கொண்டு உன்னை யார் ஏமாற்ற முடியும் என்று நான் நிம்மதியாக இருந்தேன். நீயே கெடுத்துக்கொள்வாய் என்று கண்டேனா.

இனி நான் சொல்வதைச் செய். டாக்டர் போடலாம் என்று சொல்கிற வரைக்கும் அந்தப் புதுசைத் தொடாதே. கொடுத்த தேதிக்குப் போ, சினேகாவையும் கூட்டிக்கொண்டு போ, நீ தனியாகப் போனால் வந்து பாதிதான் சொல்வாய். போடலாம் என்று அவர் சொன்னால் முதலில் கவரைப் பிரி. இரண்டு காதுக்கும் ஒரே அளவு என்று எவனும் எழுதி வைக்கவில்லை. உனக்கு எண்ணெய் தேய்த்துவிட்டவள் நான், மூன்று சொட்டு விட்டால் வலது காதில் ததும்பி நிற்கும், இடது காதில் இருந்த இடம் தெரியாமல் உள்ளே போய்விடும், இன்னும் இரண்டு விடுவேன். உன் இடது காது பெரியது. அதற்குப் பெரிய சைஸ் போடு, வலதுக்கு இப்போது இருக்கிறதே போதும். அதுவும் உட்காரவில்லை என்றால் பஞ்சை விரலால் உருட்டி மெலிதாக்கி உள்ளே விட்டு, அது உப்பி நிற்கிற வரைக்கும் முப்பது எண்ணிக்கொண்டு பிடித்திரு. ரயில் சத்தம் அடங்கினால்தான் பாட்டைப் போட வேண்டும், கடைசிக் கோட்டிலிருந்து இறங்கி வராதே, கீழேயிருந்து மெல்ல ஏறிப் போ, நன்றாகக் கேட்கிறது, போதும் என்கிற இடத்தில் நின்றுவிடு. கழற்றினால் துடைத்து வை. காதில் எண்ணெய் விடுகிற வேலை இனி உனக்கும் வேண்டாம், அப்பாவுக்கும் நிறுத்திவிட்டேன், அவரை நாளன்றைக்கு இங்கே காது பார்க்கக் கூட்டிப் போகிறேன், உன்னால் எனக்கு அந்த வேலையும். சினேகாவை ஒரு சொல் சொல்லக் கூடாது. நான் கேட்டு அவள் சொன்னாள், கோபம் இருந்தால் என்னிடம் காட்டு.

அண்ணாமலையாரும் உண்ணாமுலை அம்மனும் உன்னையும் அவளையும் காப்பாற்றட்டும். மிச்சம் இருக்கிற காது உனக்குக் கடைசி வரைக்கும் நிற்கட்டும், தினமும் விளக்கேற்றி அதைத்தான் கேட்கிறேன். உன் மேல் இன்னும் கோபம் தீராத அம்மாவின் ஆசீர்வாதம்.

கூரியர்காரர் சனிக்கிழமைக்குள் சேர்ந்துவிடும் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது போனை வலது காதில் வை. நான் கத்த மாட்டேன். நேற்றுக் கேட்டதை அதே குரலில் திரும்பக் கேட்பேன். கேட்டால் என்ன சாப்பிட்டாய் என்று சொல். கேட்கவில்லை என்றால் கேக்கலம்மா என்று சொல், எத்தனை தடவை வேண்டுமானாலும் திரும்பச் சொல்கிறேன். ஆமாம்மா என்று மட்டும் சொல்லாதே.

உன் அம்மா
தனம்