ஷிப்ட்டுப் புருஷனின் மூத்தாளுக்கு இளையாள் எழுதுவது

என் ஆருயிர்ச் சக்களத்தி கோகிலாவுக்கு,

சேலை கட்டினால் 'டி', சட்டை போட்டால் 'டா' என்று நமக்குள் ஒரு சட்டம் உண்டு. நீ போன இடத்தில் இப்போது என்ன உடுத்தியிருக்கிறாயோ, எனக்கு எப்படித் தெரியும்? கடைசியாக உன்னை வேட்டியில்தான் பார்த்தேன். அதனால் 'டா' என்றே வைத்துக்கொள்கிறேன். கோதண்டம், எப்படிடா இருக்க?

நான் இருக்கிறேன். ரிட்டையர் ஆக இன்னும் ஒன்றரை வருஷம். சுரங்கத்தில் பெல்ட் ஓடுகிறது, கரி வருகிறது, கேன்டீன் சாம்பார் அப்படியேதான் இருக்கிறது. நீ இல்லாததால் அதைக் குறை சொல்லத்தான் ஆளில்லை.

இந்தக் கடிதத்தை நீ மட்டுமா படிக்கப்போகிறாய்? நம்மைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நெய்வேலியில் எங்கள் ப்ளாக் பொங்கல் விழாவில் இருபத்தாறு வருஷம் நானும் நீயும் பெண் வேஷம் கட்டினோம். நீ கோகிலா, நான் சுந்தரி. ஒரே புருஷனுக்கு ரெண்டு பெண்டாட்டி. அந்தப் புருஷன் ஒரு நாளும் மேடைக்கு வந்ததில்லை, ஏனென்றால் அவர் எப்போதும் ஷிப்ட்டில் இருப்பார். நாற்காலியில் அவருடைய ஹெல்மெட் மட்டும் இருக்கும். அந்த ஹெல்மெட்டை யார் துடைப்பது, யார் அதற்குச் சோறு போடுவது என்று அரை மணி நேரம் நாம் அடித்துக்கொள்வோம். ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

வசனம் எழுதியதில்லை. ஒத்திகை பார்த்ததில்லை. நான் ஒன்று சொல்லிவிட்டு வாயை மூடுவேன், நீ திருப்பி அடிப்பாய். அம்பாசமுத்திரத்துப் பேச்சில் நான் "ஏட்டி" என்றால், நீ உங்க ஊர்ப் பேச்சில் "இன்னாடி" என்பாய். அவ்வளவுதான் நம்ம வித்தை. அந்த நாடகத்தில் பாதிதான் எனக்குத் தெரியும். மீதிப் பாதி உன் வாயில் இருந்தது.

"நான் பர்மனென்ட்டு, நீ கான்ட்ராக்ட்டு!" என்று நீ கையை ஆட்டும்போதுதான் விசில் பறக்கும். நிஜத்தில் நான் பர்மனென்ட், நீ கான்ட்ராக்ட் என்பது அங்கே உட்கார்ந்திருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். ஒரு தடவை கேட்டேன், ஞாபகம் இருக்கா? "ஏன்டா, வருஷா வருஷம் நீயே மூத்தாளா இருக்கணுமா? இந்தத் தடவை மாத்திக்குவோமே." நீ பவுடர் போடுவதைக்கூட நிறுத்தவில்லை. "மைன்ஸ்லதான் நடக்கல. பொண்டாட்டி வேலையிலயாவது பர்மனென்ட்டா இருந்துட்டுப் போறன், உடேன்" என்றாய். சரி, இருந்துவிட்டுப் போ என்று விட்டுக்கொடுத்தேன். அடுத்த மூச்சிலேயே, "ஆனா வயசுல நீதான் பெரியவ" என்று சேர்த்துக்கொண்டாயே, உன்னை என்ன செய்தால் தகும்?

"மூத்தாளுக்கு வயசு கம்மி, இளையாளுக்கு ஜாஸ்தியா? இது எந்த ஊர் நியாயம்?" என்று கேட்டேன்.

"சீனியாரிட்டி வேற, வயசு வேற. உன் ஆபீஸ்ல போயி கேட்டுக்கினு வா."

வாய்டா உனக்கு. வாய் மட்டும் இல்லையென்றால் உன்னை நாய்கூட மதிக்காது என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

அழகைப் பற்றி நீ பேசவே கூடாது. நான் மீசையை எடுத்துவிட்டு, பத்து நாள் வேலையில் அத்தனை பேரிடமும் கிண்டல் வாங்குவேன். நீ எடுக்க மாட்டாய். "மஞ்சுளாவுக்கு மீசை புடிக்கும்" என்று பெண்டாட்டி மேல் சாக்கு. நாடகம் முழுக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெட்கப்படுவாய். கேட்டால், குடும்பப் பெண்ணாம். பண்ருட்டிப் பலாப்பழத்துக்குச் சேலை கட்டியது போல ஓர் உருவம், அதற்கு வெட்கம் வேறு! அதுவும் அந்த வருஷம், ஒர்க்‌ஷாப்பில் மெஷின் துடைத்த பஞ்சு என்று தெரியாமல் எடுத்து வந்து ஜாக்கெட்டுக்குள் அடைத்துக்கொண்டாயே. பாதி நாடகத்தில் நெஞ்சில் கறுப்பாக எண்ணெய் ஊறி வந்தது. நான் பதறிப்போய் மறைத்துக்கொண்டு நிற்கிறேன். நீ குனிந்து பார்த்துவிட்டு, "புருசன் மைன்ஸ்ல வேலை செய்றாரு. கட்டிப்புடிச்சா கரி ஒட்டத்தான்டி செய்யும். உன்து ஏன் இவ்ளோ வெள்ளையா இருக்கு?" என்றாய். நான் திரும்பி நின்று சிரித்தேன்.

ஐப்பசி மழையில் நீ போய்விட்டாய். நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னாயாம், நான் வண்டி எடுத்துக்கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. உன் வீட்டு வாசலில் என்னைப் பார்த்ததும் ரெண்டு பேருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பழக்கதோஷம். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். நான் ரொம்ப அழுதேன்டா. சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை.

ஆனால் இதையெல்லாம் சொல்ல நான் எழுத உட்காரவில்லை. மஞ்சுளாவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

உன் பெண்டாட்டி திட்டுவதை நிறுத்திவிட்டாள்.

உனக்கே தூக்கிவாரிப் போடும் என்று தெரியும். தெருமுனையில் வண்டி திரும்பும்போதே நமக்குக் கேட்குமே அவள் குரல்! நமக்குச் சேலை கட்டிவிடும்போது எத்தனை வசவு! "எனக்குன்னு வந்து வாச்சிது பாரு ஒரு சக்களத்தி, அதுவும் முழங்கால்ல மயிரோட" என்று என்னைச் சொல்வாளே! அவள் மூன்று மாசமாக ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அழவும் இல்லை. கேட்டதற்குப் பதில், அதுவும் ஒற்றை வார்த்தை. உன் மகள் பண்ருட்டியிலிருந்து போன் பண்ணினாள். "மாமா, நான் போன் பண்ணாம நாலு நாள் வுட்டுப் பாத்தேன். அம்மா ஏன்னுகூட கேக்கல. எனக்கு பயமா இருக்கு மாமா" என்று அழுதாள்.

நானும் என் வழியில் முயற்சி செய்தேன். ஒரு நாள் போய், அவள் கொடுத்த காபியை ஒரு வாய் குடித்துவிட்டு வேண்டுமென்றே முகத்தைச் சுளித்தேன். "என்ன தங்கச்சி இது, கழனித்தண்ணி மாதிரி இருக்கு?" என்றேன். உன் காலமாக இருந்தால் டம்ளர் என் மண்டையில் இருந்திருக்கும். அவள் அமைதியாக, "வேற போட்டுத் தரட்டுங்களாண்ணா?" என்றாள். மிச்சத்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது என் வீட்டுக்காரியும் பயந்துவிட்டாள். திட்டாத மஞ்சுளாவை வைத்துக்கொண்டு நான் என்னடா செய்வேன்?

பொங்கல் வந்தது. விழாக்காரர்கள் வந்து கேட்டார்கள். முடியாது என்றேன். வேற ஜோடி தருகிறோம் என்றார்கள். ஜோடி தருகிறார்களாம், ஸ்டோர்ஸில் பூட்ஸ் தருகிற மாதிரி! கதவைச் சாத்தினேன்.

விழா அன்று மதியம் மஞ்சுளா வந்தாள். கையில் பை. உள்ளே என் பச்சைச் சேலை, இஸ்திரி போட்டு. நம் ரெண்டு பேர் சேலையும் அவளிடம்தானே இருந்தது. மேஜையில் வைத்தாள். "அஞ்சு மணிக்கு வரங்கண்ணா, கட்டி உடறன்" என்றாள். அவ்வளவுதான். போய்விட்டாள். துக்க வருஷத்தில் இருக்கிற பெண் கொண்டுவந்து வைத்த சேலையை நான் எப்படி வேண்டாம் என்பேன்?

சாயங்காலம் வந்து கட்டிவிட்டாள். ஒரு வசவு இல்லை. வயிற்றை உள்ளே இழு என்றுகூடச் சொல்லவில்லை. கட்டி முடித்துவிட்டு, பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மேடை ஏறினேன். நாற்காலி, ஹெல்மெட், நான். கைதட்டினார்கள். ஒற்றை ஆளாகவே ஒப்பேற்றிவிடலாம் என்று யோசித்துத்தான் வந்திருந்தேன். ஆனால் வாய் கேட்கவில்லையே.

"ஏட்டி மூத்தவளே! அவ்வொ ஷிப்ட்டு முடிஞ்சு வார நேரம், எங்கட்டி போய்த் தொலஞ்ச?" என்றேன். சொல்லிவிட்டு நிறுத்திவிட்டேன்.

நீ பதில் சொல்வதற்காக நிறுத்திவிட்டேன்டா! இருபத்தாறு வருஷப் பழக்கம். இடது பக்கம் திரும்பி, இடுப்பில் கை வைத்து, உன் வாயைப் பார்த்து நிற்கிறேன். அங்கே மைக் ஸ்டாண்டுதான் இருக்கிறது. சரி, சமாளிப்போம் என்று இன்னொன்று சொன்னேன். "என்னட்டி, பதில் சொல்ல வக்கில்லியா?" மறுபடியும் அதே கூத்து, மறுபடியும் நின்றுவிட்டேன். வசனம் மறந்துவிட்டது என்று நினைத்து ஓரத்தில் நின்ற விழாக்காரர் இறங்கி வரச்சொல்லிக் கையைக் காட்டுகிறார். இறங்கிவிடுவோம், இனி ஜென்மத்துக்கும் இந்தச் சேலை வேண்டாம் என்று முந்தானையைச் சுருட்டிக்கொண்டு, ஹெல்மெட்டை எடுக்கக் கை வைத்தேன்.

"ஏய்! யாரப் பாத்துடி வக்கில்லன்ற?"

கடைசி வரிசையிலிருந்து. தெருமுனைக்குக் கேட்கிற அதே குரல்.

"பர்மனென்ட்டு லீவுல போயிருக்கா. அதுக்குள்ள கான்ட்ராக்ட்டுக்கு இன்னா வாயி? ஹெல்மெட்டுல இருந்து கைய எடுடி மொதல்ல!"

மொத்தக் கூட்டமும் திரும்பியது. துக்க வருஷத்தில் ஒரு பொம்பிளை எழுந்து நின்று இடுப்பில் கை வைத்துக் கத்துகிறாள். யாரும் மூச்சு விடவில்லை. எனக்கு மட்டும் உயிர் வந்தது. "அப்பொ நீ யாருட்டி? லீவ் வேகன்சியா?" என்றேன்.

"நான் அவளோட நாமினிடி! எல்லாம் எனக்குத்தான் வரும்!"

கோதண்டம், அந்தச் சிரிப்பை நீ கேட்டிருக்க வேண்டும். ஷாமியானா பிய்த்துக்கொண்டு போகாதது ஆச்சரியம். அதற்கப்புறம் கால் மணி நேரம். அவள் கீழே, நான் மேலே. உன் வாயில் வருகிற அத்தனையும் அவளிடம் இருக்கிறதுடா. இல்லை, உண்மையைச் சொல்லட்டுமா? உன் வசனமெல்லாம் அவள் வீட்டில் உன்னைத் திட்டியது. அதைத்தான் நீ இருபத்தாறு வருஷமாக மேடையில் சொந்தச் சரக்கு மாதிரி விட்டுக்கொண்டிருந்தாய். திருட்டுப்பயலே! அன்றைக்குத்தான் உன் குட்டு உடைந்தது.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்தாள். "கொசுவம் அவுந்து தொங்குது. பொம்பள மாதிரியா நடக்கறீங்க, புல்டோசர் மாதிரி நடந்தா எப்படிண்ணா நிக்கும்?" என்று ஆரம்பித்தாள். என் நடையைத் திட்டினாள், என் காபிப் பேச்சைத் திட்டினாள், அதை மனசிலேயே வைத்திருந்திருக்கிறாள் பார். பிறகு உன்னைத் திட்டினாள். சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான் பாவி என்றாள். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். மூன்று மாசத்து அழுகை. நானும் அழுதேன். சவுரி அவிழ்ந்து, கண்மை கன்னமெல்லாம் வழிய நான் மூக்கைச் சிந்துவதைப் பார்த்து, அந்தப் பக்கம் போனவர்கள் நாடகம் இன்னும் முடியவில்லை என்று நின்று சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

நேற்று டூட்டி முடிந்து உன் வீட்டுப் பக்கம் போனேன். வண்டியை நிறுத்திய உடனே கதவு திறந்தது. "கண்ணு இன்னா பொடனியிலயா இருக்கு? மொளகா நாத்து மேல வண்டிய ஏத்திக்கினு நிக்கிறீங்க!" என்று கத்தினாள். பக்கத்து வீட்டில் ரெண்டு தலை எட்டிப் பார்த்தது. மன்னிப்புக் கேட்டு வண்டியை எடுத்தேன். கதவை அறைந்து சாத்தினாள். நான் கிக்கரை உதைக்கும்போது மறுபடி கதவு கொஞ்சமாகத் திறந்தது.

"நாளைக்கும் வருவீங்க இல்லண்ணா?" என்றாள், மெதுவாக.

வருவேன்டா. நீ கவலைப்படாதே. எந்த ஷிப்ட்டாக இருந்தாலும் வருவேன், ஏதாவது ஒரு தப்புச் செய்துவிட்டுத்தான் திரும்புவேன்.

இப்படிக்கு,
உன் இளையாள், மஞ்சுளாவின் அண்ணன்,
சுந்தரம்