நாற்பது கிரேக்கருக்குக் கால்சட்டை

கன்னி மாதம் 14, புதன்.

கோபம் இன்னும் ஆறவில்லை. பள்ளிக் கண்காட்சிக்காக விரல் உயர ஈயப் பொம்மைகளான நாற்பது கிரேக்க வீரர்களுக்கு மூன்று மாதமாக வர்ணம் பூசினேன். சங்குமுகம் கடற்கரை மணலைப் பசையில் ஒட்டி, ஒவ்வொருவனுக்கும் நிற்கத் தரை செய்தேன். வெள்ளிக்கிழமை என் வகுப்புப் பெண்கள் பகடை உருட்டி, மேஜைமேல் பாரசீகப் பொம்மைகளோடு போர் நடத்த வேண்டும்.

இன்று பள்ளி மானேஜர் பார்க்க வந்தார். "டீச்சரே, பெண்குட்டிகள் படிக்கிற இடம். எல்லாவனும் தொடை தெரிய நிக்கறானே! கால்சட்டை வரைஞ்சா வைக்கலாம், இல்லேன்னா வேண்டாம்" என்றார். முற்றத்து மழைத் தண்ணீருக்காக அவர் வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தார்.

வீட்டில் இவர், "கால்தானேடீ, பச்சையை அடிச்சுத் தள்ளு" என்கிறார்.

ஒருவனுக்கு அடித்துப் பார்த்தேன். உடனே பாரசீகன் ஆகிவிட்டான். அந்தப் போரில் கால்சட்டை போட்டவர்கள் அவர்கள்தான். நாற்பது பேருக்கும் போட்டுவிட்டால் யாரோடு யார் சண்டை போடுவது? இதை மானேஜரிடமே கேட்டிருக்க வேண்டும். "சரி சார்" என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அதுதான் எரிகிறது.

டர்பன்டைன் தொட்டு அந்தக் காலைத் துடைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை நாற்பது பேரும் தொடை தெரியத்தான் நிற்பார்கள். மானேஜரும் வரட்டும், வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு.