போதும் என்றுதான் சொன்னேன்

அன்பும் பிடிவாதமும் சரிபாதியாய்க் கலந்த என் வீட்டுக்காரருக்கு,

வணக்கம். நான் இங்கே நம் பெண் வீட்டில் சுகம். நீங்கள் அங்கே வேளாவேளைக்கு மாத்திரை போடுகிறீர்களா, பாலைப் பொங்கவிட்டு அடுப்பைத் தேய்த்துக்கொண்டிருக்கிறீர்களா என்பதுதான் என் கவலை. பக்கத்து வீட்டம்மா குழம்பு கொடுத்தால் வீம்புக்கு வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அந்தக் கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுங்கள்.

தினமும்தான் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று முணுமுணுப்பீர்கள். போனில் நம் பெண்ணின் பேச்சை எடுத்தாலே "மோட்டார் ஓடுது, டேங்க் நிரம்பிடும்" என்று வைத்துவிடுகிறீர்கள். நம் குடியிருப்பில் மோட்டார் போடுவதும் அணைப்பதும் வாட்ச்மேன் வேலை என்று எனக்குத் தெரியாதா? ஆனால் எழுத்து இருக்கிற காகிதத்தை உங்களால் பாதியில் வைக்க முடியாது. அச்சகத்தில் ஆயுசு முழுக்கப் பிழை திருத்தியவர் நீங்கள். கடலை மடித்து வந்த தாளைக்கூடக் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் கசக்குவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். ஒற்று விட்டுப்போயிருந்தால் போகட்டும், தயவுசெய்து சிவப்புப் பேனாவை எடுக்காதீர்கள்.

நம் வாலு நன்றாக இருக்கிறாள். முன்னறை சின்னதுதான், ஆனால் வெளிச்சம் தாராளம். ஜன்னலோரம் ஒரு மடக்கு மேஜை, அதன்மேல் அவள் ஆபீஸ் கம்ப்யூட்டர், பக்கத்திலேயே வெங்காயக் கூடை. திரைச்சீலைகளை யாரோ கோணல்மாணலாய்த் தைத்திருந்தார்கள். எனக்குக் கை சும்மா இருக்குமா? வந்த மறுநாளே பிரித்துத் தைத்துவிட்டேன். மாப்பிள்ளையின் வேலைச் சட்டைக்கும் பொத்தான் வைத்துக் கொடுத்தேன். ஆமாம், மாப்பிள்ளை என்றுதான் எழுதுவேன். நீங்கள் முகத்தைச் சுளித்தாலும் அவர் மாப்பிள்ளைதான். பெரிய கட்டடங்களில் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறார். வாலு அவருக்கு நம் பேச்சு சொல்லிக்கொடுத்திருக்கிறாள். "போயிட்டு வரேன் அத்தை" என்று எங்கே கிளம்பினாலும் சொல்கிறார், குளிக்கப் போகும்போதுகூட. நானும் ஒவ்வொரு தடவையும் "நல்லபடியா வாங்க" என்று சொல்லி அனுப்பிவைக்கிறேன்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். முந்தாநாள் சம்பந்தியம்மா வீட்டில் எனக்கு விருந்து.

அந்த அம்மாள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறாள். என் வயசுதான் இருக்கும், கையெல்லாம் தழும்பு. புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறதாம். இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறாள். அந்தச் சமையலறையில் நாலு பேர் நின்றால் அஞ்சாவது ஆள் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள்தான் உட்கார வேண்டும். எனக்கு அவள் பாஷை தெரியாது, அவளுக்கு என் பாஷை தெரியாது. இரண்டு பேரும் பல்லைக் காட்டியே ஒப்பேற்றினோம்.

பானை மூடியைத் திறந்தாள் பாருங்கள், ஐயோ, அந்த வாசனை! மழையில் நனைந்த சாக்கை அடுப்போரம் காயப்போட்ட மாதிரி. எட்டிப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று ஒன்று, கரண்டி பட்டதும் தளதளவென்று ஆடுகிறது. கறியா மீனா என்று வாலுவிடம் காதோடு கேட்டேன். இரண்டும் இல்லையாம். ஏதோ தானியத்தை ஜாடியில் ஊறவைத்து, நாள்கணக்கில் புளிக்கவைத்துக் காய்ச்சுவதாம். பெயரும் சொன்னாள், கேட்பதற்குத் தும்மல் மாதிரி இருந்தது.

மறுக்க முடியுமா? பெண் கொடுத்த இடம். அந்த அம்மாளோ உட்காரவே இல்லை, கரண்டியும் கையுமாக என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். விளக்கெண்ணெய் குடிக்கிற பிள்ளை மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு மடமடவென்று காலி செய்தேன். புளிப்பென்றால் அப்படி ஒரு புளிப்பு, காது வரைக்கும் ஏறியது. முடித்தோம், பிழைத்தோம் என்று நிமிர்ந்தால் இன்னொரு கரண்டி விழுகிறது. "போதும், போதும்" என்றேன். அவள் முகம் பூவாய் மலர்ந்தது. இன்னொரு கரண்டி. "ஐயையோ, போதுங்க!" என்று கத்தியே விட்டேன். அவள் பூரித்துப்போய்ப் பானையையே மேஜைக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார், தோள் மட்டும் குலுங்குகிறது. நம் பெண் புடவைத் தலைப்பு இல்லாத குறைக்குக் கைத்துண்டை வாயில் அடைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடிவிட்டாள். அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. "போதும்" மாதிரியே அவர்கள் பாஷையில் ஒரு சொல் இருக்கிறதாம். "பிரமாதம், இன்னும் போடு" என்று அதற்கு அர்த்தமாம்! "அடிப்பாவி, முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா?" என்று கேட்டேன். "சொல்லியிருந்தா இவ்வளவு சிரிச்சிருப்பேனாம்மா?" என்கிறாள். சின்ன வயசில் உங்கள் முதுகில் ஏறிக்கொண்டு சிரிப்பாளே, அதே சிரிப்பு. அதைக் கேட்டு எத்தனை நாளாச்சு! அதைக் கேட்க இன்னும் ஒரு பானை சாப்பிடுவேன் நான்.

ஒன்று சொல்லட்டுமா? நாலாவது கரண்டியில் என் நாக்கு சமாதானத்துக்கு வந்துவிட்டது. அந்தப் புளிப்புக்குப் பின்னால் லேசாக ஒரு இனிப்பு இருக்கிறது. முதல் வாயில் அது தெரிவதே இல்லை. பையில் கொண்டுபோயிருந்த ஊறுகாயை எடுத்துத் தொட்டுக்கொண்டேன், அமிர்தம்! சம்பந்தியம்மாவுக்கும் ஒரு துண்டு வைத்தேன். கண்ணில் தண்ணீர் கொட்ட, என்னைப் பார்த்துத்தானே கற்றுக்கொண்டாள், "போதும்" என்றாள். எந்தப் பாஷை போதும் என்று தெரியாமல் இன்னொரு துண்டு வைத்துவிட்டேன். பாவம், அதையும் சாப்பிட்டாள். அவள் நல்லவள்.

வீட்டுக்கு வந்த பிறகு வாலு ஒன்று சொன்னாள். எனக்கு மனசு தாங்கவில்லை, அதனால் உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். பதிவுக் கல்யாணத்தன்றும் சம்பந்தியம்மா இதைத்தான் செய்திருந்தாளாம். நாம் எப்படியும் வந்துவிடுவோம் என்று மேஜையில் நமக்காக இரண்டு தட்டு வைத்துவிட்டு, சாயங்காலம் வரைக்கும் யாரையும் சாப்பிடவிடவில்லையாம். "பெத்தவங்க வராம இருப்பாங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாளாம். நம் பெண் என்ன பதில் சொல்லியிருப்பாள், நீங்களே யோசித்துப் பாருங்கள்.

உங்கள் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. கேட்காமல் செய்துகொண்டாள், தப்புதான். ஆனால் நீங்களும் சுகமாக இல்லை. தினமும் போனில் "அங்க மழையா?" என்று கேட்கிறீர்களே, மழையைப் பற்றி உங்களுக்கு என்றிலிருந்து இவ்வளவு அக்கறை? மகள் எப்படி இருக்கிறாள் என்றுதான் கேட்கிறீர்கள் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நான் போனை வைத்ததும் அவள் ஓடிவந்து கேட்கிற முதல் கேள்வி, "அப்பா இன்னைக்கு மழையான்னு கேட்டாராம்மா?" என்பதுதான். கேட்டார் என்றால் நிம்மதியாக ஆபீஸ் வேலையில் உட்காருகிறாள். இனிமேல் மழையை அவளிடமே கேளுங்கள். அவளுக்கு வானிலை நன்றாகத் தெரியும்.

விசா இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் வாங்கினோம். கிளம்புகிற வாரம் முதுகு வலி என்று படுத்துவிட்டீர்கள். அந்த முதுகு இப்போது தினமும் பார்க் வரைக்கும் நடந்து போகிறது என்று பக்கத்து வீட்டம்மா சொல்லிவிட்டாள். உங்கள் பாஸ்போர்ட் பீரோவில் என் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது. நீல ஸ்வெட்டரும் அங்கேயே இருக்கிறது, பொத்தானெல்லாம் இறுக்கித்தான் வைத்திருக்கிறேன். இங்கே கொஞ்சம் குளிர்.

நேற்று சம்பந்தியம்மா மாப்பிள்ளை மூலம் ஒன்று கேட்டுவிட்டாள். நீங்கள் வருகிற நாள் தெரிந்தால் அதற்கு முன்னாலேயே தானியத்தை ஊறப்போட வேண்டுமாம், அவசரத்துக்கு வராதாம். நான் உங்களைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "வாங்க மாமா, உக்காருங்க மாமா" என்று மாப்பிள்ளை கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்க்கிறார். உச்சரிப்பில் பிழை இருக்கிறது, நீங்கள் வந்து திருத்துங்கள்.

ஊறப்போடச் சொல்லட்டுமா?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கோபம் போதுங்க. நம்ம பாஷையில்தான் சொல்றேன்.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்காகப் போனைக் கையிலேயே வைத்திருக்கும்
உங்கள் வீட்டுக்காரி