நம்ம ஆளுக்குப் போட்ட புள்ளி

மார்ச் 3, திங்கள்

றோய் பூச்சிமருந்துக் கம்பனியின் ஆள். எங்கள் பயிற்சி நிலையத்தின் விண்ணப்பத்தில் ‘இந்தப் பாடம் தொடர்பான எந்த வியாபாரத்திலும் எனக்குத் தொடர்பில்லை’ என்று கையெழுத்து வைத்துவிட்டு, அவர்களிடம் சம்பளம் வாங்குகிறார்.

பண்டாரவளையில் உரக்கடை வைத்திருக்கும் பலீல் நானா சாதாரணமாகச் சொன்னார்: “றோய் தம்பிதானே, மாசம் பொறந்தா ஓடர் எடுக்க வந்திருவாரு. நல்ல வாய்.” சுவரில் கலண்டர். அதில் கம்பனி சேர்ட் போட்டு றோய் சிரிக்கிறார்.

பதினைந்தாம் திகதி பதுளையில் பயிற்சி. தேயிலைத் தோட்டத்து வெளிக்கள உத்தியோகத்தர்களுக்கு, பாதுகாப்பாக மருந்தடிப்பது பற்றி. படிப்பிக்க யார் தகுதியானவர், யார் எந்தப் பக்கமும் சாயாதவர் என்று விசாரித்துச் சொல்வதுதான் என் வேலை. றோய் சரி என்று எழுதியது நான்.

மார்ச் 4

கோப்பைத் திறந்தேன். விண்ணப்பித்தவர்கள் இரண்டு பேர். குமுதினி மிஸ்ஸுக்குப் பட்டம், பதினொரு வருட அனுபவம். பேசுவது சிங்களம். மொழிக்கு இருபதுக்கு நாலு போட்டிருக்கிறேன். சரி. நடுநிலைக்கு ஏன் பன்னிரண்டு? றோய்க்கு ஏன் முழுசாக இருபது? யாரை விசாரித்தேன்?

யாரையும் இல்லை. மாதிரி வகுப்பில் றோய், “காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்கு நிக்கிற மாதிரி நிக்காதீங்க, ஒக்காருங்க” என்றதும் அறையே சிரித்தது. எங்கள் லயத்து வரிசை வீட்டில் பிறந்த ஒருவர் டை கட்டிக்கொண்டு எங்கள் பேச்சில் பாடம் எடுக்கிறார். எனக்கு அது போதுமாக இருந்தது. “மருந்து காஞ்சாப் போதும், அடுத்த நாளே கொழுந்து பறிக்க ஆள் விடலாம்” என்றும் சொன்னார். போத்தலில் ஏழு நாள் பொறுக்க வேண்டும் என்று அச்சடித்திருக்கிறது. நான் கைதட்டியிருக்கிறேன்.

மார்ச் 6

பணிப்பாளர் யேசுரத்தினம் சேரிடம் சொன்னேன்.

“நீதானே புள்ளி போட்ட?”

“பிழையாப் போட்டுட்டேன் சேர். குமுதினி மிஸ்ஸக் கூப்பிடுவோம். நான் தமிழ்ல சொல்றேன்.”

“ஒன்னோட சிங்களத்த வச்சா? சந்தையில மரக்கறி வாங்கவே காணாது.” பக்கத்து மேசைகளில் சிரிப்பு. என்னோடு ஒரே போர்டிங் அறையில் இருக்கும் அஸ்னாவும் சிரித்தாள். சேர் தொடர்ந்தார்: “நம்ம பொடியன் ஒருத்தன் மேல வாறான். நம்மளே காலப் புடிச்சி இழுக்கணுமா?”

மார்ச் 7

றோய் கோல் எடுத்தார். சேர்தான் அவரிடம் சொல்லியிருப்பார்.

“தங்கச்சி, டிப்ளோமாவ வச்சிக்கிட்டு மூணு வருஷம் லயத்துல கெடந்தேன். அப்ப எவனும் என்னைய விசாரிக்க வரல. கம்பனிக்காரன்தான் கூப்பிட்டான்.”

“அத போர்ம்ல எழுதியிருக்கலாமே அண்ணே.”

“எழுதினா எடுத்திருப்பியா?”

எடுத்திருக்க மாட்டேன். ஏழு நாள் பற்றிக் கேட்டேன்.

“ஏழு நாள் மலையப் பறிக்காமச் சும்மா போடணும்னா எந்தத் தோட்டத்துத் தொர மருந்து வாங்குவான்? யோசிச்சுப் பேசு.”

மார்ச் 9, ஞாயிறு

மடுல்சீமை, எங்கள் வீடு. பூசை முடிந்து வரும் வழியில் அம்மாவிடம் சொன்னேன். மருந்தடித்த மறுநாளே அந்தத் தேயிலை மலையில் கொழுந்து பறிப்பவள் அம்மா. முழங்கை வரை தடித்துக் கிடக்கிறது. அதைச் சொறிந்துகொண்டே சொல்கிறாள்: “றோய் நம்ம லயத்துப் புள்ளடி. அவங்கம்மா செபஸ்தியம்மா மூஞ்சியில நான் எப்பிடி முழிக்கிறது?”

“ஒங் கையப் பாரும்மா!”

கத்திவிட்டேன். ரோட்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சாப்பிடாமல் பஸ் ஏறினேன்.

மார்ச் 10

கோப்பின் கடைசிப் பக்கம், நான் நிரப்பியது. ‘விண்ணப்பதாரியை மதிப்பிடுபவருக்கு முன்பே தெரியுமா?’ இல்லை என்று எழுதியிருக்கிறேன். ஐந்து கதவு தள்ளி வளர்ந்தவரை.

றோயைப் பொய்யன் என்று சொல்ல நான் யார்? — சொல்லத்தான் வேணும். என்னையும் சேர்த்து.

மார்ச் 11

மத்தியானம் ஒபிசில் அஸ்னா சாப்பாட்டுப் பெட்டியோடு வேறு அறைக்குச் சாப்பிடப் போய்விட்டாள். ராத்திரி போர்டிங்கில் லைட்டை அணைக்கவா என்று மட்டும் கேட்டாள்.

மார்ச் 12

குமுதினி மிஸ்ஸுக்கு என் உடைந்த சிங்களத்தில் கோல் எடுத்தேன். சனிக்கிழமை வரலாம் என்றார். முதலில் ஏன் வேண்டாம் என்றீர்கள் என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். “அப்படியானாலும் வருகிறேன்” என்றார்.

சேர் முடியாது என்றுவிட்டார். அழைப்பிதழ் அச்சாகிவிட்டதாம்.

மார்ச் 15, சனி

வகுப்பு நடந்தது. றோய் எடுத்தார். நான் மண்டபத்துக்கு வர வேண்டாம் என்று உத்தரவு. ஒபிசில் தனியாக இருந்து சான்றிதழ்களில் பெயர் அடித்தேன். முப்பத்துநாலு பேர். எங்கள் தோட்டத்து உத்தியோகத்தரும் ஒருவர். கைதட்டல் இங்கே வரை கேட்டது.

மார்ச் 17

காலையில் முப்பத்துநாலு பேருக்கும் வட்ஸ்அப்பில் எழுதினேன். றோய் எங்கே வேலை செய்கிறார் என்று. அவர் என் லயத்து ஆள் என்பதை மறைத்துப் புள்ளி போட்டது நான் என்று. போத்தலில் இருப்பதைப் படியுங்கள் என்று.

பத்து மணிக்குச் சேர் கோப்பு அறைச் சாவியை வாங்கிக்கொண்டார். நாளையிலிருந்து வர வேண்டாமாம்.

மத்தியானம் அம்மா கோல் எடுத்தாள். நாலாம் மலையில் இன்று மருந்தடிக்கிறார்களாம். நாளைக்கு அங்கேதான் பறிப்பாம்.

எங்கள் தோட்டத்து உத்தியோகத்தருக்குத் தனியாக எழுதினேன்: “சேர், நாளைக்கு நாலாம் மலைக்கு ஆள் விடுவீங்களா, மாட்டீங்களா? சொல்லுங்க.”

இரண்டு நீலக் குறி விழுந்துவிட்டது, படித்துவிட்டார். இப்போது மாலை மணி ஆறரை. பதில் இன்னும் வரவில்லை.